ரைம்தானே மேடம்!

மாலை மணி நான்கு இருபது. போன மாதப் பௌர்ணமி அன்று, எங்கள் தெருமுனையில் பள்ளி வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. என் மகள் இறங்கவில்லை.

ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் உட்காரும் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. டிரைவர் ஒன்றுமே நடக்காதது போலச் சொன்னார்.

"பாப்பா அப்பவே இறங்கிடுச்சுங்க. கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ் தடுப்பு வெச்சு வண்டியெல்லாம் திருப்பி விட்டாங்க. வண்டி நின்னதும் கதவத் தொறந்து எறங்கிடுச்சு. அம்மா வந்திருக்காங்கனு சொல்லுச்சு."

"நான் நின்னத நீங்க பாத்தீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். பின் இருக்கையில் இருந்த எல்.கே.ஜி. குழந்தை ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி கைதட்டிப் பாடியது: "ஜெல்லி பெல்லி! ஜெல்லி பெல்லி!" பெரிய பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கு அந்தப் பாட்டு தெரியும். அது பிறந்தபோது நானும் என் மகளின் வகுப்பறையில்தான் இருந்தேன்.

அதற்கு முந்தைய வாரம், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும் அழகைப் பார்க்கப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். புதிதாக வந்த ஆசிரியை உற்சாகமாகப் பேசினார். இரண்டு சொற்களின் கடைசி ஓசை ஒத்துப் போனால் அது ரைம். அது பாட்டில் மட்டும் வருவதல்ல. ஈஸி பீஸி, சூப்பர் டூப்பர் என்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் தினமும் வீட்டிலும் கடையிலும் பயன்படுத்துவது. விளம்பரம் மனதில் நிற்பதும் அதனால்தான் என்றார். நன்றாகத்தான் இருந்தது. நாமும் காபி கீபி, சண்டை கிண்டை என்று பேசுகிறவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தன்னைப் பற்றி ஒரு ரைம் சொல்ல வேண்டும் என்றார். உயரமான ஒரு பையன் "ஸ்கை ஹை" என்றான். கைதட்டல். என் மகள் எழுந்து யோசித்துக்கொண்டு நின்றாள். அவள் கொஞ்சம் பருமனான பெண். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஜெல்லி பெல்லி!"

ஜெல்லி மாதிரி ஆடும் தொப்பை. வகுப்பே அதிர்ந்தது. ஆசிரியை என்ன செய்தார் தெரியுமா? "வெரி குட் ரைம்!" என்று பலகையில் எழுதினார். எல்லோரையும் ஒருமுறை கைதட்டிச் சொல்ல வைத்தார். என் பக்கத்தில் இருந்தவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் போய்க் கேட்டேன். "ரைம்தானே மேடம்! ஃபன்னா எடுத்துக்கணும்" என்றார் ஆசிரியை. என்னுடன் வந்த இன்னொரு அம்மா என் தோளைத் தட்டினார். "நம்ம பசங்க இங்கிலீஷ்ல ஜோக்கெல்லாம் அடிக்குதுங்க. சந்தோஷப்படுங்க!"

அதையே ஒரு பையன் தமிழில் "தொப்பை" என்று கத்தியிருந்தால், அந்த ஆசிரியையே அவனை வெளியே நிறுத்தியிருப்பார். ஆங்கிலத்தில் வந்ததால், அதுவும் ஓசை பொருந்தி வந்ததால், பாராட்டுக் கிடைத்தது. எங்கள் ஊரில் பிள்ளை வாயில் ஆங்கிலம் வந்துவிட்டால் போதும், அது என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

வெறும் வசவாக இருந்திருந்தால் அவள் அழுதுவிட்டு மறந்திருப்பாள். இது பாட்டாகிவிட்டது. அர்த்தம் தெரியாத குழந்தைகூடப் பாடலாம். தான் ஒருவரைத் திட்டுகிறோம் என்று பாடுகிற யாருக்கும் தோன்றவே தோன்றாது. அந்த வாரம் முழுவதும் வேனில் அதுதான் ஓடியிருக்கிறது. டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டிருக்கிறார். அதையும் அன்று வேனில் இருந்த பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

"வேற ஏதாவது சொன்னாளா?" என்று கத்தினேன். டிரைவர் தயங்கினார். "மலை சுத்தினா உடம்பு குறையுமா அங்கிள்னு கேட்டுச்சுங்க. ஜாஸ்தி சுத்தினா கரைஞ்சே போயிடும்னு சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்."

எல்லோருக்கும் விளையாட்டு! லட்சக்கணக்கில் ஜனம் நகர்கிற பாதையில் என் பதினொரு வயதுப் பெண் தனியாகப் போய்விட்டாள்.

கணவர் வெளியூரில் வேலை. கூட்டத்துக்குள் ஆட்டோ போகாது. ஓடினேன். தடுப்பு இருந்த இடத்தில் தேடினேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கிரிவலப் பாதையில் எல்லோரும் ஒரே திசையில்தான் போவார்கள். அந்த வெள்ளத்தில் யார் முகமும் தெரியவில்லை, முதுகுகள்தான் தெரிந்தன. நடுவில் ஆசிரியைக்குப் போன் செய்தேன். "ஐயோ, ஸாரி மேடம். ஆனா உங்க பொண்ணு ரொம்ப சென்சிட்டிவ்" என்றார். போனை உடைக்கத் தோன்றியது.

கடைசியில் காவல் உதவி மையத்துக்குப் போனேன். மைக் வைத்து, காணாமல் போனவர்களை வரிசையாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பெண் காவலர் ஒருவர் அடையாளம் கேட்டார். நீலச் சீருடை, ரெட்டை ஜடை, வெள்ளை ரிப்பன் என்றேன்.

"எல்லா ஸ்கூல் பொண்ணும் அப்படித்தாம்மா இருக்கும். ஒல்லியா, குண்டா?"

"ரிப்பன் வெள்ளைங்க" என்று மறுபடியும் சொன்னேன்.

"சொல்லும்மா. சொன்னாத்தான பாக்கறவங்களுக்குத் தெரியும்?"

"கொஞ்சம்... குண்டா இருப்பா."

அடுத்த நிமிடம் என் மகளின் பெயரோடும் பள்ளிப் பெயரோடும் அந்தச் சொல்லும் ஒலிபெருக்கியில் மலையைச் சுற்றிப் போனது. அந்தப் பெண் காவலர் மேல் தப்பில்லை. என் வாயாலேயே அதைச் சொல்ல வைத்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். நாற்காலி கொடுத்தார்கள், என்னால் உட்கார முடியவில்லை. மறுபடி மறுபடி அறிவித்தார்கள். இருட்டியும் யாரும் வரவில்லை.

பிறகுதான் அவர்கள் வந்தார்கள். வெளியூரிலிருந்து கிரிவலம் வந்த நாலைந்து பெண்கள். நடுவில் என் மகள். முதுகில் புத்தகப்பை, கையில் ஷூ, புழுதி படிந்த வெறுங்கால்.

அவர்களில் மூத்தவர் மூச்சு வாங்கச் சொன்னார்: "அடி அண்ணாமலை கோயில்கிட்ட தனியா நடந்துட்டிருந்துச்சும்மா. மைக்ல சொல்ற பொண்ணு நீயானு கேட்டோம். நான் இல்ல, நான் ஒண்ணும் குண்டு இல்லனு சொல்லிட்டு வேகமா போயிடுச்சு. பையில ஸ்கூல் பேரப் பாத்துட்டுதான் விடாம கூட்டிட்டு வந்தோம்."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. என்னை மெல்ல விலக்கி, சட்டையை இழுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"பாதி மலை சுத்திட்டேம்மா. கொஞ்சமாச்சும் கொறைஞ்சிருக்கா?"

இன்றைக்கும் அவள் இரண்டாவது தோசை வேண்டாம் என்று தட்டை நகர்த்தும்போதெல்லாம், அந்த இரண்டு சொற்களை விளையாட்டு என்று சொன்ன ஒருவரையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.