ரயில் பெட்டித் தொடர்கதையும் என் மனைவியின் அபிப்பிராயமும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் எனக்கு வேலை. குடியிருந்தது திண்டிவனத்தில். காலைப் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவேன். அந்த வருஷங்களைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குண்டு பயமும் இல்லை, ரேஷனும் இல்லை; அலுப்புதான். நாளெல்லாம் நின்றபடியே மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிவிட்டு, உட்கார இடமில்லாத வண்டியில் ஏறி, வீட்டுக்கு வந்து விழுந்தால் விடிந்ததும் மறுபடியும் அதே வண்டி. இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தோன்றும்.

அந்த அலுப்பிலும் எங்கள் சீசன் டிக்கெட் கூட்டத்துக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. கூட்டத்தில் ஒருவர் வக்கீல் குமாஸ்தா. ஜங்ஷன் புத்தகக் கடைக்கு வாரப் பத்திரிகை வந்ததும் முதல் ஆளாகப் போய் வாங்கிவிடுவார். காகிதத் தட்டுப்பாட்டினால் கடைக்கு வருவதே சொற்பம். ஆகவே பெட்டி முழுவதற்கும் அந்த ஒரு பிரதிதான். அதில் வரும் தொடர்கதையை அவர் உரக்கப் படிப்பார், நாங்கள் கேட்போம். பெட்டியில் விளக்கு எரியாது. இருட்டுவதற்குள் படித்து முடித்தாக வேண்டும். அதற்காக ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வண்டி பேரணி ஸ்டேஷனைத் தாண்டும்வரை ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. பேரணி தாண்டினதும் அவரவர் அபிப்பிராயத்தைச் சொல்லலாம். சொல்வதாவது! அடித்துக்கொள்ளாத குறைதான்.

அதில் முதல் குரல் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் ஒருவருடையது. கதையில் யார் அழுதாலும் அவருக்குக் கோபம் வரும். எதிர்க்கட்சி ஒரு டிராயிங் மாஸ்டர். எந்த அத்தியாயமானாலும் "சுமார்" என்பார். போன வருஷம் தான் படித்த வேறொரு நாவலின் பேச்சை எடுத்து, அதைப் படியுங்கள் என்று எல்லோருக்கும் சிபாரிசு செய்வார். அந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. நான் கதை கேட்கிற ஆசாமி இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான்.

கதை படிக்கிறவள் என் மனைவி. வானூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்தபோது துணிப் பெட்டியில் துணியைவிடப் புத்தகம்தான் அதிகம் இருந்தது. அந்த வருஷம் எங்களுக்கு ஒரு பெரிய இடி விழுந்திருந்தது. தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்த எங்கள் பெண் குழந்தை விஷக் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் புத்தகத்தையும் தொடவில்லை, பேச்சையும் விட்டுவிட்டாள். சோறு வடிப்பாள், இலை போடுவாள், கேட்டால் 'உம்' என்பாள். முன்பெல்லாம் வாய் ஓயாதவள். இவள் இப்படியே போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. பார்சல் ஆபீஸில் நடப்பதைச் சொல்லி யாரைத் தேற்ற முடியும்?

ஒரு நாள் சாப்பிடும்போது, ஏதாவது பேசவேண்டுமே என்று, வண்டியில் நடந்த சண்டையைச் சொன்னேன். அந்தத் தொடர்கதையில் ஒரு பெண். புருஷன் ரங்கூனில் மாட்டிக்கொண்டான். கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் திண்டாடுகிறாள். அவள் பேசாமல் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மண்டிக்காரர் கத்தினார் என்று சொல்லிவிட்டு மோர் கேட்டேன். மோரை ஊற்றினவள் அப்படியே நின்றாள்.

"அண்ணன் வூட்டுக்குப் போனா அண்ணி சும்மா வுட்டுடுவாளா? அந்த ஆளுக்கு அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களான்னு கேளுங்க" என்றாள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது.

மறுநாள் வண்டியில் அதை அப்படியே மண்டிக்காரரிடம் ஒப்பித்தேன். மனிதர் சிலிர்த்துக்கொண்டார். "இன்னா பார்சலு, வூட்ல இருந்து நோட்டீஸ் வந்துகினு இருக்குதா? எனக்கு மூணு தங்கச்சி, எல்லாத்தையும் நான்தான் வெச்சிக் காப்பாத்தினேன்னு சொல்லு!" என்றார். வீட்டில் போய்ச் சொன்னேன். "காப்பாத்தினது அவரா, அவரு சம்சாரமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. இவர் சொல்வதை அவளிடம் சொல்ல வேண்டும், அவள் சொல்வதை இவரிடம் சொல்ல வேண்டும். மண்டிக்காரர், 'மனசு மாறும்' என்று ஒரு துப்பறியும் நாவலை, அட்டை கிழிந்தது, என்னிடம் கொடுத்தனுப்பினார். அவள் அதைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, "கொலை பண்ணவன் யாருன்னு ஆரம்பத்திலேயே தெரிஞ்சிபோச்சி. இதைப் போயி சிபாரிசு பண்றாரே" என்றாள். பதிலுக்குத் தன் துணிப் பெட்டியிலிருந்து ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தாள். அதைப் படித்துவிட்டு மண்டிக்காரர், "உன் சம்சாரம் என்னை அழ வெச்சிட்டாங்கப்பா" என்று சண்டைக்கு வந்தார். நானும் இப்போது தூங்காமல் கதை கேட்க ஆரம்பித்தேன். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் வீட்டில் குறுக்கு விசாரணை நடக்கும்.

'இவ்வளவு ஞானம் உள்ளவங்க தாங்களே படிக்கக் கூடாதா' என்று குமாஸ்தா ஒருமுறை கேட்டார். அப்போதுதான் குழந்தை போன விஷயத்தைச் சொன்னேன்.

பிறகு அந்த வாரம் வந்தது. குமாஸ்தா படித்துக்கொண்டே போனவர் விக்கிரவாண்டி தாண்டியதும் குரல் கம்மி நிறுத்திவிட்டார். கதையில் அந்தப் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. "படிங்க சார்" என்றார் டிராயிங் மாஸ்டர். படித்தார். அத்தியாயம் முடிவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. வீட்டில் அவள் காத்திருப்பாள். என்ன ஆச்சு என்று வாசலிலேயே கேட்பாள். இதை எந்த வாயால் சொல்வது? தலைதூக்கின ஜீவன் மறுபடி மடங்கிவிட்டால்?

அன்றைக்கென்று மிலிட்டரி ஸ்பெஷலுக்கு வழிவிட எங்கள் வண்டியைப் பேரணியில் நிறுத்திப் போட்டுவிட்டார்கள். பேரணி தாண்டுவதற்கு முன்பே, சட்டத்தை மீறி, மண்டிக்காரர் வாயைத் திறந்தார்.

"இதை வூட்ல சொல்லாத பார்சலு. குழந்தை பொழைச்சிக்கிச்சின்னு சொல்லிடு."

"எப்படிப் பொழைச்சுதுன்னு கேட்டா?" என்றார் டிராயிங் மாஸ்டர்.

"மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரு ஊசி போட்டாரு."

"அடுத்த வாரம் கதையில குழந்தை வராதே. அப்போ?"

"மாமன் வூட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு சொல்லு. மாம்பழ சீசன்."

"சாட்சிங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்லணும்" என்றார் குமாஸ்தா. தொழில் புத்தி! காய்ச்சல் எந்தக் கிழமை இறங்கியது, டாக்டர் வெள்ளைக்காரரா நம்மவரா, மாமன் கட்டைவண்டியில் வந்தானா ரயிலில் வந்தானா என்று வண்டி கிளம்புகிற வரையில் உட்கார்ந்து ஒரு முழு அத்தியாயத்தையே கட்டிவிட்டார்கள். கதாசிரியர்கூட அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். திண்டிவனத்தில் இறங்கும்போது மண்டிக்காரர் என் தோளைத் தட்டி, "ஜல்தியா போய்ச் சொல்லிடு, மறந்துடப் போற" என்றார்.

சொன்னேன். ஊசி, டாக்டர், மாமன், மாம்பழம் எதையும் விடாமல் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"மண்டிக்காரரு இன்னா சொன்னாரு?"

இதற்கு நாங்கள் ஏற்பாடு செய்யவே இல்லை. அத்தியாயத்தைக் கட்டினோமே தவிர அபிப்பிராயத்தைக் கட்ட மறந்துவிட்டோம். "நல்லா இருக்குதுன்னாரு" என்றேன்.

"டிராயிங் மாஸ்டரு?"

"அவரும் நல்லா இருக்குதுன்னாரு."

"குமாஸ்தா?"

"எல்லாரும்தான்."

அவள் கை நின்றது. "எல்லாருமா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெட்டியில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள் என்றால் அதை எந்த முட்டாள் நம்புவான்?

"குழந்தை போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் களைந்த தண்ணீரை வடித்தாள். உலையில் அரிசியைப் போட்டாள். அப்புறம் சொன்னாள்: "நாளைக்கு அந்தப் பத்திரிகையை வாங்கிக்கினு வாங்க. நானே படிச்சிக்கிறேன். நீங்க யாரும் எனக்காகக் கதை கட்ட வேணாம்."

மறுநாள் குமாஸ்தாவிடம் விஷயத்தைச் சொல்லிப் பத்திரிகையைக் கேட்டேன். "நம்ம கேஸ் டிஸ்மிஸா?" என்று வருத்தத்தோடு எடுத்துக் கொடுத்தார். மண்டிக்காரர் அன்று வழி முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

அவள் படித்தாள். அழுதாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான். அடுத்த வாரம் என்ன எழுதுறான்னு பாப்போம். அதுலதான் இருக்குது" என்றாள்.

அடுத்த வாரம் குமாஸ்தா எங்களுக்குப் படித்து முடித்ததுமே பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வறுத்துப் பொடிப்பதற்கு அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பத்திரிகையை எடுத்தாள். அத்தியாயத்தின் முதல் வரி, 'மாதங்கள் பல உருண்டோடின'. அந்தப் பெண்ணின் புருஷன் ரங்கூனிலிருந்து கால்நடையாகவே வந்து சேர்ந்துவிட்டான், இருவரும் புது ஊரில் குடித்தனம் வைக்கிறார்கள்.

அவள் பத்திரிகையைத் தொப்பென்று கீழே போட்டாள். அப்படி ஒரு கோபத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"இன்னாங்க இது? உருண்டோடுச்சாமே! எங்க உருண்டோடுச்சி? அந்த மாசமெல்லாம் எங்க போச்சி? எழுத முடியலன்னா முடியலன்னு சொல்லணும். முழுங்கிட்டு ஓடலாமா?"

அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். மல்லாட்டை உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"அவ மறுநாள் எழுந்தா. எழுந்துதான ஆவணும்? அடுப்பு மூட்டினா. கேப்பைக் கூழை ஒரு கிண்ணியில ஊத்தி, சூடு ஆறட்டும்னு வெச்சா. வெச்ச அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சி, இதைக் குடிக்க ஆளு இல்லன்னு. யாரும் பாக்கறதுக்குள்ள தானே குடிச்சிட்டா. அதுக்கு மறுநாளும் ஆத்தி வெச்சா. கை அதுவா செஞ்சிடுது, அவ இன்னா பண்ணுவா? துவைக்கிற கல்லுக்குப் போனா, சின்ன சட்டை ஒண்ணு புடவைக்குள்ள சுருட்டிக்கினு இருந்துச்சி. துவைக்கறதா வேணாமான்னு தெரியல. துவைச்சா வாசம் போயிடும். தெரு முழுக்க 'அவ பேசறதே இல்ல'ன்னு சொன்னாங்க. பேசறதுக்கு யாரு இருந்தாங்க? புருஷன் வருவாரு. அலுப்பா இருக்குதும்பாரு. அவருக்கும் அலுப்புதான், பாவம். சாப்ட்டுப் படுத்துக்குவாரு. அவ திரும்பவும் காலைல எழுந்துக்கணும். அதாங்க பெருசு. செத்தது பெருசு இல்ல, எழுந்துக்கறதுதான் பெருசு. ஒவ்வொரு நாளா எழுந்துக்கணும். அதை எழுதலியே அவன்!"

அவள் பேசாமல் இருக்கிறாள், ஒன்றும் செய்யாமல் இருக்கிறாள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! என் கண் முன்னால், நான் காலையும் மாலையும் சாப்பிட்ட அதே அடுப்படியில், இத்தனையும் நடந்திருக்கிறது. நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, "அப்புறம்?" என்று கேட்டேன். கதையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் சொன்னாள். பொழுது சாய்கிறவரை சொன்னாள். 'அவ, அவ' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் 'நான்' என்று மாறினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வண்டியில் மண்டிக்காரர், பேரணி தாண்டினதும் மெதுவாகக் கேட்டார். "வூட்ல இன்னா சொன்னாங்க?"

"உருண்டோடின மாசத்தை எழுதியிருக்கணுமாம்" என்றேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. டிராயிங் மாஸ்டர் 'சுமார்' என்றுகூடச் சொல்லவில்லை.

அந்தத் தொடர்கதை எப்படி முடிந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை, சுபமாகத்தான் முடிந்திருக்கும். பிறகு எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், மாற்றலாகி ஊர் ஊராகப் போனோம். அவள் வழியாகத்தான் நானும் நாவல் படிக்கிறவன் ஆனேன். இன்றைக்கும் எந்தப் புத்தகத்திலாவது 'மாதங்கள் பல உருண்டோடின' என்று ஒரு வரி வந்தால் என்னால் அதைத் தாண்டி உடனே போக முடிவதில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த மாதங்களில் ஒருத்தி ஒவ்வொரு நாளாக எழுந்திருந்தாளே என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.