கம்பத்துப் பெட்டி சுடுகிறது

எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் இருக்கும் சோலார் தெருவிளக்கு ஒன்பது மணிக்கே அணைந்துவிடும். இன்று மத்தியானம் அதைப் பழுதுபார்க்கும் குத்தகையாளர் மூன்றாவது முறையாக வந்தார், இன்னும் பெரிய பேனலோடு.

"அண்ணே, பேனல்ல குறை இல்ல. கம்பத்துப் பெட்டிக்குள்ள, பேனல் கரண்டை பேட்டரிக்கு மாத்தி விடுற கன்வெர்ட்டரைப் பாருங்க" என்றேன்.

"வெயில் பத்தல லா. பெரிய பேனல் போட்டா சரியாயிடும். நீங்க வீட்டுக்குப் போங்க தங்கச்சி."

பதினொரு வருடமாகத் தொழிற்சாலையில் கன்வெர்ட்டர்களைச் சோதித்து அனுப்புவதுதான் என் வேலை. வீட்டுக்குப் போகவில்லை. அவருடைய ஏணிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஏறுறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டியைத் தொடுங்க."

தொட்டார். "அலமாக்!" என்று கையை உதறினார். உடனே சமாளித்தார்: "வெயில்ல சுடத்தானே செய்யும்?"

"அடுத்த கம்பத்துக்கும் இதே வெயில்தான். அதையும் தொட்டுப் பாருங்க."

போய்த் தொட்டார். லேசான சூடுதான். அந்த விளக்கு விடிய விடிய எரிகிறது.

"பேட்டரிக்குப் போக வேண்டிய கரண்ட் இங்க சூடாவே போயிடுது அண்ணே. பேனலைப் பெருசாக்கினா பெட்டி இன்னும் நல்லா சுடும், அவ்வளவுதான்."

அவர் பேனலைத் திரும்ப லாரியில் ஏற்றினார். "நாளைக்கு வேற கன்வெர்ட்டர் கொண்டாறேன்" என்றார், ஏணியைப் பார்த்துக்கொண்டே.

நாளை விடுப்பு எடுத்துவிட்டேன். மறுபடியும் பேனலோடு வந்தால் ஏணிக்கு முன்னால் நான்தான் நிற்பேன்.

உங்கள் தெருவிளக்கும் சீக்கிரம் தூங்கிவிடுகிறதா? பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள்.

எனக்கு இன்னும் நாலு நாள் விடுப்பு பாக்கி இருக்கிறது.