நூல் கட்டிய ஜக்

திருமங்கலத்தில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவரின் கொட்டகையில்தான் என் முதல் ஜக்கைப் பார்த்தேன். நான் போனது ஒரு மர பீரோ வாங்க. பித்தளை அண்டாக்களும் ஓடாத ஃபேன்களும் குவிந்து கிடந்த மூலையில், கழுத்தில் போட்ட உலோகப் பூண் முழுக்கக் கறுத்துப்போன ஒரு கண்ணாடி ஜக் நின்றது. கடைக்காரர் அந்தப் பூணை ஈயம் என்றார். நான் மதுரையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஈயம் அப்படிக் கறுக்காது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல், பீரோவோடு சேர்த்து அதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு அகலப் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சோடா உப்பும் கல்லுப்பும் போட்டு வெந்நீர் ஊற்றி, ஜக்கின் கழுத்தை அதில் சாய்த்து வைத்தேன். அழுகின முட்டை நாற்றம் எழும்பியது. கூடத்திலிருந்து என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன லேப்பு, வீட்டையும் காலேஜ் ஆக்கிட்டியா?"

அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கறுப்பு கழன்று வெள்ளி தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது வாய்ப் பட்டையில் வரிசையாக நான்கு சிறு முத்திரைகள். நடந்து போகும் ஒரு சிங்கம், ஒரு நங்கூரம், இரண்டு எழுத்துக் குறிகள். சிங்கம் என்றால் தரமான வெள்ளி, நங்கூரம் என்றால் பர்மிங்காம் ஊர் வேலை, மற்றவை செய்த வருடமும் செய்தவரின் பெயரும் என்று தேடித் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அவரிடம் லென்ஸைக் கொடுத்துக் காட்டினேன்.

"இதா சிங்கம்? நம்ம தெரு நாய் மாதிரில்ல இருக்கு" என்றார். ஆனால் அன்று மாலை கடையை அடைத்துவிட்டு வந்ததும் லென்ஸை எடுத்து மறுபடி பார்த்தார்.

திருமங்கலத்தில் அவர் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரே கேட்க ஆரம்பித்தார், "அண்ணே, உங்க பக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கண்ணாடி கூஜா ஏதும் கெடக்கா?" என்று. மில் மேனேஜர்களும் எஸ்டேட்காரர்களும் விட்டுப்போனவை, அவர்களிடம் வேலை பார்த்தவர்களுக்கு அன்பளிப்பாக வந்தவை என்று இந்தப் பக்கத்து வீடுகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தன. பதினேழு வருடத்தில் ஒன்பது சேர்ந்தது. அதில் பாதிக்கு மேல் அவர் காதில் விழுந்த சேதியால் வந்தவை.

பெரியகுளம் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், மூடி போட்ட ஒரு ஜக்கை வாங்கி வந்தோம். புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து, அவருடைய பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தினாற்போல் ஏற்றி இறக்கினார்.

"பிள்ளத்தாச்சிய ஏத்திட்டு வார மாதிரி வாரேன், பாத்துக்க" என்றார் சிரித்துக்கொண்டே.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. திருநகரில் எங்கள் வீடு வரும்வரை வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார்.

ஜக்குகளுக்காகக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி செய்தார். அவற்றில் நான் ஒருநாளும் தண்ணீர் ஊற்ற விட்டதில்லை. எங்கள் பகுதி போர்த் தண்ணீர் உப்பு. ஒரு ராத்திரி இருந்தால் போதும், கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். விருந்தாளிகள் யாராவது கேட்டால் அவர் முந்திக்கொண்டு, "தொட்டுறாதீக, அதெல்லாம் மியூசியம்" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்தான், அதற்கு மேல் போனால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். நான் கல்லூரியிலிருந்து விளிம்பு உடைந்த ஒரு அளவு ஜாடியைக் கேட்டு வாங்கி வந்தேன். காலையில் எழுநூறு மில்லி அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பேன். காப்பிக்கும் ரசத்துக்கும்கூட அதிலிருந்துதான். அவ்வளவுதான் அன்றைக்கு.

மதுரை வெயிலில் அந்தத் தண்ணீரோடு ஒரு ஆள் எப்படி இருப்பார் என்பதை மூன்று வருடம் பக்கத்திலிருந்து பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு வாய் கொப்பளிக்கப் போவார். நான் வாசலில் நின்று அவர் தொண்டை அசைகிறதா என்று பார்ப்பேன். ஐஸ் துண்டு ஒன்றை வாயில் வைத்து, அது கரையும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நாக்கு வெடித்திருக்கும். ஆனாலும் சண்டை போட்டதில்லை.

போன பங்குனியில் ஒருநாள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள். டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் மெஷினில் படுக்கும் முன் எடை பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர் உடம்பில் நிற்கிறது என்று அது சொல்லிவிடும். வழக்கத்தைவிட இரண்டு கிலோ கூடியிருந்தது. "நான் குடிக்கலையே" என்றார் முதலில். நர்ஸ் மறுபடி கேட்டதும், கொல்லைக் குழாயில் இரண்டு மக் நிறையப் பிடித்துக் குடித்ததாக ஒப்புக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து குழாயின் திருகைக் கழற்றி வைத்தேன். பாத்ரூம் மக்கையும் எடுத்து ஒளித்தேன்.

சித்திரை பிறந்து, ஊரெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்.

"லேப்பு, ஒரு ஜக்குல தண்ணி ஊத்தி அந்த ஜன்னல்ல வையேன்."

"எதுக்கு?"

"குடிக்க இல்ல. சும்மா பாக்க."

பதினேழு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. மூடி இல்லாத, அகல வாய் ஜக்கை எடுத்தேன், அந்த முதல் ஜக்கை. வடிகட்டிய தண்ணீரை ஊற்றப் போனவள், கையை நிறுத்திக்கொண்டேன். உப்புத் தண்ணீராக இருந்தால் குடிக்க மனம் வராதே என்று போர்த் தண்ணீரைப் பிடித்தேன். ஜன்னல் திண்டில் வைத்தேன். வெயில் அதில் விழுந்து சுவரில் ஆடியது. அவர் தலையணையைச் சாய்த்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார்.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பூக்கட்டும் வெள்ளை நூலில் ஒரு துண்டு எடுத்து, தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அந்த மட்டத்தில் ஜக்கைச் சுற்றிக் கட்டினேன். அவர் முன்னாலேயே கட்டினேன். அவர் பார்த்தார்.

மறுநாள் திங்கட்கிழமை கல்லூரியில் செய்முறைத் தேர்வு. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிய கையோடு ஜன்னலுக்குத்தான் போனேன். தண்ணீர் நூலுக்குக் கீழே ஒரு நெல்லளவு இறங்கியிருந்தது.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"பின்ன எப்படிக் குறைஞ்சுச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நான் தொடலம்மா."

"போன மாசமும் இப்படித்தான சொன்னீங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "நாளைக்கு மெஷின்ல படுக்குறதுக்கு முன்னாடி எடை போடுவாகல்ல? அது சொல்லும். அப்பப் பாரு" என்றார்.

"பாக்கத்தான போறேன்" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜக்கை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். நான் பால் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது செல்போன் அவர் நெஞ்சின் மேல் இருந்தது. யாரிடம் பேசினீர்கள் என்று கேட்கவில்லை. அன்றைய பாட்டிலில் இன்னும் அரை டம்ளர் மிச்சம் இருந்தது. அதைக்கூட அவர் தொடவில்லை. எனக்கு அதைப் பார்த்தாவது புரிந்திருக்க வேண்டும். கோபத்தில் குடிக்காமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், பித்தானைப் போடாமலே கட்டிலில் உட்கார்ந்தார். "ஒரு மாதிரி வருது" என்றார். ஆட்டோ வாசலில் நின்றது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். தண்ணீரா காரணம் என்று நான் கேட்டேன். டாக்டர் நெற்றியைச் சுளித்து, "தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. இருதயம் ஏற்கெனவே வீக்கா இருந்துச்சு" என்றார். எடை மெஷின் அந்த வராந்தாவில்தான் இருந்தது. அதில் அவரை யாரும் ஏற்றவில்லை.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சொந்தக்காரர்கள் நீர்மாலைக்குப் போனார்கள். வேட்டியைப் பந்தலாகப் பிடித்து, குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து வந்து, தலையோடு ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் அவர் உதட்டின் மேல் வழிந்து, கழுத்தில் இறங்கி, வாசல் முழுக்க ஓடியது. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். என்ன கத்தினேன் என்று யாரும் சொல்லவில்லை.

அவருடைய அக்கா, என் மதினி, கருமாதி முடியும்வரை என்னோடு இருந்தாள். அவரைவிட எட்டு வயது மூத்தவள். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன மறுநாள், படுக்கையறையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தோம். பீரோவின் மேலிருந்த போர்வைகளை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். போர்வைக்குப் பக்கத்தில் அந்த ஜக் இருந்தது. நூலும் அப்படியே இருந்தது. தண்ணீர் நூலிலிருந்து மூன்று விரலுக்குக் கீழே நின்றது. இடைப்பட்ட கண்ணாடியில் ஒன்றன் கீழ் ஒன்றாக மெல்லிய வெள்ளை வளையங்கள்.

"மதினி, இதுல யாரும் தண்ணி குடிச்சாகளா?"

"யாரு குடிப்பா? ஆளுக வாரதுக்கு முன்னாடியே நாந்தான் மேல தூக்கி வச்சேன். நீ உசுரா வச்சிருக்க சாமான், எவனாச்சும் தட்டி விட்டுருவானேன்னு. ஒருத்தரும் தொடல."

ஸ்டூலிலேயே நின்றேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலும் ஃபேன் காற்றும் அகல வாய்ப் பாத்திரத்துத் தண்ணீரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? ஸ்பிரிட் பாட்டிலை மூடாமல் வைத்த பிள்ளைகளை இருபத்தொன்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருப்பவள் நான். அந்தத் திங்கட்கிழமை அது என் தலையில் ஏறவில்லை. ஏறியது ஒன்றே ஒன்றுதான், இவர் பொய் சொல்கிறார் என்பது.

கீழே இறங்கி மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூல் கட்டியதை, கேட்டதை, அவர் சொன்ன பதிலை. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் போன் பண்ணுனான்" என்றாள். "அன்னைக்குச் சாயங்காலம். 'அக்கா, நான் குடிக்கலக்கா, அவ நம்ப மாட்டேங்கிறா'ன்னான். சின்னப்பிள்ளைல வந்து சொல்வான்ல, அந்த மாதிரி."

நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அதுக்கு நான் என்ன சொன்னேன்னு கேளு. 'பொய் சொல்லாதடா, போன மாசமே உன் வண்டவாளம் தெரிஞ்சுபோச்சு. ஒழுங்கா அவ சொல்றதக் கேட்டுக் கெட'ன்னேன். 'சரிக்கா'ன்னான். வச்சிட்டான்."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. அவளும் என்னைத் தேற்றவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? வெகுநேரம் கழித்து அவளே எழுந்து ஜக்கை எடுத்துக்கொண்டு போய், மிச்சத் தண்ணீரைக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள்.

ஆடி மாதத்துக்குள் மற்ற எட்டு ஜக்குகளையும் சென்னையிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, நன்றாகப் பாதுகாத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். இந்த ஒன்றை அவரிடம் காட்டவில்லை. சமையலறைப் பரணில் இருக்கிறது. துளி வினிகர் போட்டால் அந்த வெள்ளை வளையங்கள் போய்விடும். போடவில்லை. எடுத்துப் பார்ப்பதும் இல்லை.

எல்லாரும் சொல்கிறார்கள், நீ அவருடைய நல்லதுக்குத்தானே செய்தாய் என்று. அதை நான் மறுப்பதில்லை. ஆனால் மூன்று வருடம் நாக்கு வெடிக்கக் கிடந்தவர் அன்று என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை. தொடவில்லை என்று மட்டும்தான் சொன்னார்.

மதினி அமாவாசைக்கு அமாவாசை வருகிறாள். சாமி கும்பிட்டு, இலை போட்டு, இரண்டு பேரும் சாப்பிடுவோம். போன தடவை பஸ் ஏற்றிவிடப் போனபோது, நிறுத்தத்தில் நின்றுகொண்டு திடீரென்று கேட்டாள்.

"எனக்கு அவன் 'சரிக்கா'ன்னது காதுலயே நிக்குது. உனக்கு எது நிக்குது?"

"நாளைக்கு எடை போடுவாகல்லன்னு சொன்னது, மதினி."

தலையை ஆட்டினாள். உசிலம்பட்டி பஸ் வந்தது. கூட்டம். ஏறி இடம் பிடித்து உட்கார்ந்து, ஜன்னல் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டினாள். வண்டி நகரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.