சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கணக்கு

பேத்தி வாய்விட்டுப் படித்தாள்: “செயற்கைக்கோளை உயரமான சுற்றுப்பாதைக்கு மாற்ற எவ்வளவு ஆற்றல் தேவை?” எனக்கு என் அக்கா செல்லத்தின் நினைவு வந்தது.

செயற்கைக்கோள்களே இல்லாத ஐம்பதுகளின் தொடக்கம். பள்ளி இறுதி வகுப்பில் இருந்த அக்கா, நிலாவை இன்னும் தள்ளி நிறுத்த எவ்வளவு ஆற்றல் வேண்டுமென்று அடுக்களைச் சுவரில் கரியால் கணக்குப் போட்டிருந்தாள்.

அஞ்சுகிராமத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும் அப்பா என்னை வெள்ளையடிக்கச் சொன்னார்.

“பரீட்சை முடியட்டும்பா,” என்றாள் அக்கா.

“படிச்சது போதும் மக்கா,” என்றார் அப்பா.

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, கணக்க மட்டும் விட்டிரு.”

அப்பாவுக்குப் பயந்து அதன்மேலும் சுண்ணாம்பை இழுத்தேன்.

அடுத்த வருடம் தலைப்பிரசவத்தில் அக்கா இறந்துபோனாள். பிறகு நான் கேட்காமலே அப்பா என்னை நாகர்கோவிலில் கல்லூரியில் சேர்த்தார். அவளுக்குக் கிடைக்கவேண்டிய படிப்பை நான் படித்தேன். பேத்தியிடம் இதை இன்றும் சொல்லவில்லை.