நடந்து போனவருக்கான நம்பர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடும் ஆள் நான். இப்போதும் அப்படித்தான். ஆனால் இதை என் கண்ணால் பார்த்தேன், நம்பினால் நம்புங்கள்.

எழுபதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்‌ஷனில் நான் கிளார்க். கேஸ் சீட்டைப் படித்து, என்ன காயம், எப்படி வந்தது என்று நம்பர் போடுவதுதான் வேலை. மோட்டார்சைக்கிள் விபத்து என்றால் ஓட்டியவருக்கு ஒரு நம்பர், பின்னால் உட்கார்ந்தவருக்கு ஒன்று, நடந்து போய் அடிபட்டவருக்கு வேறொன்று. வார்டில் என்னை 'நம்பர் சாமி' என்று கேலி செய்வார்கள்.

அன்றைக்கு மத்தியானம் நல்ல மழை, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காலையில் வந்த ஒரு சீட்டு என் மேஜையில் இருந்தது. ஆரியசாலை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் செல்லையா, தென்காசிப் பக்கத்து ஆள், பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து சறுக்கி விழுந்தவர், தலையில் அடி, மயக்கம். கொண்டுவந்து சேர்த்த பைக்காரன் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள், வேறு யார் இருந்தார்கள் சொல்ல. பின்னால் உட்கார்ந்தவருக்கான நம்பரைப் போடப் பேனாவை எடுத்தேன்.

"அது வேண்டாம் சார்" என்று ஒரு குரல். தலையில் கட்டோடு ஒருவர் எதிரே நின்றார். மயக்கம் தெளிந்து செல்லையாவே வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"நான் வண்டியில ஏறவே இல்ல சார். ரோட்டோரமா நடந்து போனேன், இடது விலாவுல வந்து இடிச்சுட்டான். வயிறு கல்லு மாதிரி இருக்கு, யாரும் பாக்க மாட்டேங்காவ."

தப்பு நம்பர் என்றால் எனக்கு ஆகாது. சீட்டைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன், அவரும் பின்னால் வருகிறார் என்ற நினைப்பில். அங்கே கட்டிலில் அதே ஆள் கண்மூடிக் கிடக்கிறார். எப்போது எழுந்து போனார் என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"எழுந்நேல்க்கவோ? கொண்டு வந்நப்போ முதல் ஈ கிடப்பாணு சாரே."

கொண்டுவந்தது முதல் அவர் எழுந்திருக்கவே இல்லையாம். இருந்தாலும் டாக்டரைப் பிடித்து, நடந்து போன ஆளை இடது பக்கம் வண்டி இடித்திருக்கிறது, வயிற்றைப் பாருங்கள் என்றேன்.

"ஆரு பறஞ்ஞு?" யார் சொன்னது என்று கேட்டார்.

"பேஷண்ட் பறஞ்ஞு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்ல மனுஷர், சிரிக்காமல் வயிற்றில் கை வைத்தார், முகம் மாறியது. உடனே ஆபரேஷன். மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கட்டியிருந்ததாம், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் போயிருப்பார்.

செல்லையா பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் போலீசிடம் அவர் சொன்னது, என்னிடம் சொன்ன அதே கதை, பைக்காரனும் ஒத்துக்கொண்டான். நடந்து போனவருக்கான நம்பரை அழுத்திப் போட்டேன், அப்படி ஒரு கர்வம் எனக்கு. பிறகு அவர் தன் காலால் கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னலில் நின்று பார்த்தபோது விசில் அடிக்கத் தோன்றியது. என்னை யாரென்றே அவருக்குத் தெரியவில்லை, அதனால் என்ன.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அன்றைக்கு என் மேஜைக்கு எதிரே அவர் நின்றபடி தள்ளாடியதால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தேன்.

"உக்காரச் சொல்லாதீய சார். உக்காந்தா பொறவு எந்திரிக்க மாட்டேன்."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து மறுபடி வற்புறுத்தினேன். கையைப் பிடித்து உட்கார வைக்க எழுந்தும்விட்டேன், அதற்குள் சீட்டு ஞாபகம் வந்து ஓடிவிட்டேன். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களை உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, என் மனைவிதான் சொல்வாள்.