நிரந்தரம் கேட்டு ஒரு சுயவிபரக்கோவை

என் சுயவிபரக்கோவையைப் படிப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது, இந்த மனுசனைப் போன இடமெல்லாம் விரட்டியிருக்கிறார்கள் என்பதுதான். எட்டு மாதம் ஓர் இடம், ஒரு வருடம் ஓர் இடம், பிறகு வெறும் எழுபது நாள். காவிய நாயகர்கள் அலைந்தாலும் கடைசியில் எங்காவது போய்ச் சேருகிறார்கள். என் கோவை நான்கு பக்கம் ஓடியும் நாயகன் பஸ் நிலையத்திலேயே நின்றான்.

உண்மையில் என்னை யாரும் விரட்டியதில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு வரும் அபிவிருத்தித் திட்டங்களில் ஒப்பந்த வேலை பார்ப்பவன் நான். கை கழுவுதல், போஷாக்கு, வீட்டுத்தோட்டம், மதுவொழிப்பு என்று மக்களுக்கு எது இல்லையோ அதற்கொரு திட்டம் வரும். திட்டத்துக்கொரு தொப்பி. நிதி முடிந்ததும் திட்டமும் முடியும். கை சுத்தமாகிவிட்டதா என்பது வேறு விஷயம்.

ஒருமுறை அக்கரப்பத்தனையில் புதுத் தொப்பியோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனபோது, கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்த ஓர் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தம்பி, போன தடவ மஞ்சத் தொப்பி, இப்ப பச்சையா? பழைய எடத்துல வெரட்டிட்டாங்களா?"

"இல்லங்கக்கா, புரொஜெக்ட் முடிஞ்சிருச்சு."

"எங்களுக்கு ஒன்னும் முடிஞ்ச மாதிரி தெரியலையே!"

இப்படியே தொப்பி மாற்றிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஹட்டனில் ஓர் அலுவலகம் கள இணைப்பாளர் வேலைக்கு ஆள் கேட்டது. விளம்பரத்தில் 'நிரந்தரம்' என்று இருந்தது. வயதெல்லை நாற்பத்தைந்து, எனக்கு அதைத் தாண்டச் சில மாதங்களே மிச்சம். இதை விட்டால் அடுத்த நிரந்தரம் மயானத்தில்தான்.

நோர்வூட்டில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி அதைச் சற்று நாகரிகமாகச் சொன்னாள். "இந்த ஒரு வேலையாவது நெலைக்கட்டுங்க. ஸ்கூல்ல 'ஒங்க சேர் என்னா பண்றாரு'ன்னு கேட்டா, எந்த மாசத்துலன்னு நான் திருப்பிக் கேக்க வேண்டியிருக்கு."

அன்றிரவு எனக்கு ஞானம் பிறந்தது. எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன்பே 'எந்தத் தோட்டம்?' என்றுதான் கேட்போம். தோட்டம் தெரிந்தால் ஆளைத் தெரிந்த மாதிரி. அப்படியிருக்க, நிறுவனங்களின் பெயரை வரிசையாகப் போட்டு நான் ஏன் அசிங்கப்பட வேண்டும்? தொப்பிகள்தான் மாறின, நான் மாறி மாறி வேலை செய்தது இரண்டே பகுதிகளில். எனவே நிறுவனங்களை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு இப்படி எழுதினேன்: 'அக்கரப்பத்தனைத் தோட்டங்கள்: ஒன்பது ஆண்டுகள். நோர்வூட் தோட்டங்கள்: ஐந்து ஆண்டுகள்.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான்கு பக்கம் ஒரு பக்கமாகிவிட்டது.

கொமியுனிகேஷன் கடையில் அதை டைப் செய்து கொடுத்த பெண்பிள்ளை கடைசியில் சிரித்துவிட்டாள். "சேர், இது சிவி மாதிரி இல்ல. பஸ் போர்டு மாதிரி இருக்கு."

பஸ் போர்டு என்னை நேர்முகப் பரீட்சை வரை கொண்டுபோய் இறக்கியது. எதிரே மூவர். நடுவில் கொழும்பிலிருந்து வந்த மேடம். இடப்பக்கம் வாயே திறக்காத கணக்காளர். வலப்பக்கம், ஓய்வுபெற்று இப்போது ஆலோசகராகியிருக்கும் ஒரு பழைய தோட்டத்துரை. என் கோவையைக் கண்டதும் துரையின் முகம் மலர்ந்தது.

"ஒம்பது வருசம் அக்கரப்பத்தனையா! நம்மாளு! எந்த டிவிஷன்? கண்டாக்கா இருந்தீங்களா? கவ்வாத்து வெட்டுனதுக்கப்புறம் கொழுந்து எப்பிடி வந்துச்சு?"

அவர் என்னைக் கண்டாக்கு, அதாவது தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் என்றே முடிவுகட்டிவிட்டார். தேயிலையைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியை நான் என் வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனாலும் 'நிரந்தரம்' என்ற சொல் ஞாபகத்துக்கு வர, தலை தானாக ஆடியது. "நல்லா வந்துச்சுங்க சேர்" என்றேன்.

"எத்தன வருசத்துக்கு ஒருக்கா வெட்டுனீங்க?"

அதற்கு மேல் தலையாட்டலில் பதில் கிடையாது. "சேர், நான் வெட்டலங்க. கை கழுவச் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

யாருக்காக வேலை செய்தீர்கள் என்று மேடம் கேட்க, ஓரமாகத் தூக்கிப் போட்ட நிறுவனங்கள் ஒவ்வொன்றாக என் வாயிலிருந்து வெளியே வந்தன. கணக்காளர் மட்டும் அவற்றை எழுதிக்கொண்டார்.

துரை சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப தொப்பி மாத்தி மாத்தி அதே லயத்துக்குப் போயி, ஒவ்வொரு தடவையும் ஒங்கள அறிமுகப்படுத்திக்கிட்டீங்களா?"

"இல்லங்க சேர். நான் புரொஜெக்டத்தான் அறிமுகப்படுத்துவேன். கொழும்புலருந்து புதுசா வர்ற ஒபிசருக்கு லயத்து சனங்கதான் என்னைய அறிமுகப்படுத்துவாங்க. 'இவரு நம்மாளுதான் சேர், பயப்படாம பேசுங்க'ன்னு."

துரை மேசையைத் தட்டிச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. அவரும் கொழும்பிலிருந்து வந்தவர் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

வேலை போய்விட்டது என்று எழுந்திருக்கப் பார்த்தபோது, மேடம் சொன்னார்: "உங்களை எடுக்கிறோம். நிரந்தரமாகத்தான். ஆனால் வலப்பனையில். மற்ற இரண்டு பகுதிகளையும் நீங்கள் ஏற்கெனவே அபிவிருத்தி செய்துவிட்டீர்களே."

அது கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வலப்பனையில் எனக்கு ஒரு லயத்தையும் தெரியாது, ஒரு கடையையும் தெரியாது. அந்த விபரமெல்லாம் மூளைக்கு எட்டும் முன்பே "சரிங்க மேடம்" என்று வாய் ஒப்புக்கொண்டது.

வீட்டில் சொன்னேன். மனைவிக்குச் சந்தோஷம்தான், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். பிறகு தூரத்தை யோசித்தாள். "இத்தன வருசமா வேல நெலைக்கல, ஆளாவது ராத்திரிக்கு வீட்டுக்கு வந்தீங்க" என்றபடி என் கம்பளிப் போர்வையைத் தேடப் போனாள்.

அடுத்த வாரம் வலப்பனைக்குப் போய், ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் அறை பார்த்தேன். கடை முதலாளி, "எவ்வளவு காலத்துக்குங்க?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னேன்: "பென்ஷன் எடுக்கிற வயசு வரைக்கும். வேலை நிரந்தரம்."

அவர் கொஞ்சம் பயந்துவிட்டார். "அப்பிடியெல்லாம் யாருக்கும் குடுக்கிறதில்லீங்களே. மொதல்ல மூணு மாசம் இருங்க. பழக்கவழக்கத்தப் பாத்துட்டு நீட்டிப்போம்."

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.