தராசு முள் அசையாமல் நின்ற நேரம்

ஒரே வெடிமருந்தை மூன்று தடவை தராசில் நிறுத்தேன். மூன்று எடை காட்டியது.

அகதியாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்த புதிதில், சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் நானும் ஊர் அண்ணை ஒருவரும் இருந்தோம். வீட்டுக்காரர் மான் வேட்டைக்குப் போகிறவர். தோட்டாக்களுக்கு அங்கேயே தன் கையால் வெடிமருந்து நிரப்புவார். எடை மாறி மாறி வருகிறதென்று, மாத்திரைத் தொழிற்சாலையில் நிறுவை வேலை செய்த என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு மேலே போனார்.

ஜன்னலைச் சாத்தினேன். ஹீட்டரை நிறுத்தினேன். அப்படியும், யாரோ அருகில் நின்று ஊதுவதுபோல முள் ஆடிக்கொண்டே இருந்தது.

திடீரென்று தலைக்கு மேலே கனத்த சப்பாத்துச் சத்தம் கேட்டது. முள் அப்படியே நின்றது. சத்தம் ஓய்ந்ததும் முள் மறுபடி ஆடியது.

"தம்பி, மூச்சை அடக்கி வைச்சிருந்தனீர் என்ன?" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணை. "நானும் அப்பிடித்தான்."

சப்பாத்துச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்குவது, ஊரில் ஆமி வீடு வீடாகத் தேடிய நாட்களில் பழகியது. தராசில் பிழையில்லை. குனிந்து நின்ற எங்கள் மூச்சுத்தான் அதை ஆட்டியிருக்கிறது.

இறங்கிவந்த வீட்டுக்காரரிடம் மூச்சை அடக்கிக் காட்டினேன். அவரும் முயன்று, முகம் சிவந்து, சிரித்துவிட்டார். உன்னால் எவ்வளவு நேரம் முடியும் என்று கேட்டார்.

சப்பாத்துச் சத்தம் ஓயும்வரை என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியாது.